வெண்கருவின் உயரம்

கோழி முட்டை இடப்பட்ட கணத்திலிருந்தே மூப்படையத் தொடங்குகிறது. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே நீராவியும் கரியமில வாயுவும் மெல்ல வெளியேற, அந்த இடத்தை நிரப்பப் புகும் காற்று, அகன்ற முனையில் இரு சவ்வுகளுக்கிடையே அமைந்த காற்றறையைப் பெரிதாக்குகிறது. வீடுகளில் முட்டையைத் தண்ணீரில் இட்டுப் பார்ப்பது இந்த மாற்றத்தை அறிவதற்கே: புதியது அடியில் படுக்கும், நாட்பட்டது அகன்ற முனை மேலாக நிமிரும், மிகப் பழையது மிதக்கும். பண்ணைகளில் முட்டையை விளக்கொளிக்கு எதிரே பிடித்துக் காற்றறையின் ஆழத்தைப் பார்க்கிறார்கள்.

ஆயினும் காற்றறை காட்டுவது பெரும்பாலும் நீரிழப்பையே. உட்தரத்தின் உண்மையான சாட்சி வெண்கரு. கரியமில வாயு வெளியேறுவதால் வெண்கருவின் காரத்தன்மை ஏறி, பி.எச். அளவு 7.6 அளவிலிருந்து 9-க்கு மேல் செல்கிறது. அதனுடன், கெட்டி வெண்கருவைக் கட்டிக் காக்கும் ஓவோமியூசின் என்னும் புரதப் பின்னல் தளர்ந்து, வெண்கரு நீர்த்துப் பரவுகிறது. புதிய முட்டையின் வெண்கரு சற்றே கலங்கித் தெரிவதும் இந்த வாயு இன்னும் உள்ளே தங்கியிருப்பதால்தான். அதைக் கெட்டுப்போனதன் அறிகுறி என்று ஒதுக்குவது வீண்.

இந்தத் தளர்ச்சியை எண்ணால் குறிக்க ரேமண்ட் ஹாவ் 1937-இல் வகுத்த முறையே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. முட்டையைச் சமதளத்தில் உடைத்து, கெட்டி வெண்கருவின் உயரத்தை அளந்து, முட்டையின் எடைக்கேற்பத் திருத்திக் கணக்கிடுவதே ஹாவ் அலகு. 60 கிராம் முட்டையில் வெண்கரு 7 மி.மீ. உயர்ந்து நின்றால் ஏறத்தாழ 84 அலகும், 4 மி.மீ. மட்டுமே நின்றால் 59 அலகும் கிடைக்கும். அமெரிக்கத் தரப்பிரிப்பில் 72-உம் அதற்கு மேலும் முதல் தரம். ஆனால் வயது முதிர்ந்த கோழி இன்று இட்ட முட்டையிலும் இவ்வலகு குறைவாகவே இருக்கும் என்பதால், இதை வெறும் நாள்கணக்காகக் கொள்வது பிழை.

மஞ்சள் கருவும் தன் பங்குக்குச் சான்று கூறுகிறது. வெண்கருவிலிருந்து நீர் அதனுள் புகுந்து, உறை நலிய, குவிந்திருந்த கரு தட்டையாகிறது. அதன் நிறமோ தீவனத்திலுள்ள மக்காச்சோளம் போன்றவற்றைப் பொறுத்தது; புதுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெப்பமே இம்மாற்றங்கள் அனைத்தையும் விரைவுபடுத்துவதால், வெயில் படும் கடையில் சில நாள் கிடந்த முட்டை, குளிர்பெட்டியில் பல வாரம் இருந்ததைவிடத் தாழ்ந்து போகலாம். சால்மொனெல்லா கிருமி இருப்பதை மட்டும் இச்சோதனைகள் எதுவும் காட்டுவதில்லை. அதற்கு நன்றாக வேகவைப்பதே பாதுகாப்பு.