வண்டிக்கா? வயிற்றுக்கா?

விளைந்த தானியம் மனிதன் வயிற்றுக்கா, மோட்டார் வண்டியின் வயிற்றுக்கா? கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறதல்லவா? மெக்சிகோ நாட்டுத் தொழிலாளிக்கு அது வேடிக்கையல்ல, வேதனை!

2007 சனவரி 31ஆம் நாள் அந்நாட்டுத் தலைநகரில் பல்லாயிரவர் அணிவகுத்தனர். நமக்குச் சோறு எப்படியோ, அப்படி அவர்களுக்கு டோர்ட்டில்லா எனும் மக்காச்சோள ரொட்டி. அதன் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது. பதுக்கல்காரர்கள் மீது பழி விழுந்தது. அண்டை நாடான அமெரிக்கா மக்காச்சோளத்தை எரிசாராயமாக்கிக் கார்களுக்கு ஊற்றியதன்மீதும் பழி விழுந்தது.

அமெரிக்கா அசைந்ததா? அதே ஆண்டு டிசம்பரில் சட்டமே செய்தது! 2022க்குள் ஆண்டுக்கு 3,600 கோடி காலன் தாவர எரிபொருள் வேண்டுமாம். புகை குறையும், பூமி குளிரும் என்றார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டனர். 2008இல் 'சயன்ஸ்' ஏட்டில் சர்ச்சிங்கர் குழுவினர் எழுதினர்: சோளம் காருக்குப் போனால், அந்தக் குறையை ஈடுகட்ட எங்கோ ஒருவன் காட்டை அழிப்பான், புல்வெளியை உழுவான். மரத்திலும் மண்ணிலும் அடங்கிக் கிடந்த கரி, வாயுவாகி வானேறும். அதையும் சேர்த்தால், 30 ஆண்டுக் கணக்கில் கேடு குறையாது, ஏறத்தாழ இரட்டிக்கும்!

இந்தக் கணக்கின் அளவு பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டு. ஆனால் உழுத நிலம் கண்ணெதிரே கிடக்கிறதே! 2006 முதல் 2011 வரை, டகோட்டா மாநிலங்கள் இரண்டும் அயோவா, நெப்ராஸ்கா, மின்னசோட்டாவும் இழந்த புல்வெளி ஏறத்தாழ 13 இலட்சம் ஏக்கர் என்று 2013இல் ஓர் ஆய்வு கூறிற்று. அங்கே முளைத்தவை சோளமும் சோயாவும்.

"கவலை வேண்டாம்! கழனியே வேண்டாத எண்ணெய் வருகிறது!" என்று ஒரு குரல். எதிலிருந்து? குளத்து நீரைப் பச்சையாக்கும் நுண்பாசியிலிருந்து!

ஆசை புதிதல்ல. 1978 முதல் 1996 வரை அமெரிக்க எரிசக்தித் துறை 3,000க்கும் மேற்பட்ட பாசி வகைகளைத் திரட்டிச் சோதித்தது. நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் குளங்களே வெட்டியது. கண்டது என்ன? பாசிக்குத் தழைச்சத்தை நிறுத்தினால் அது எண்ணெயைச் சேர்க்கிறது. புரதம் கட்டத் தழைச்சத்து இல்லை. வெயிலின் துணையால் பிடித்த கரியை என்ன செய்யும்? கொழுப்பாக்கிப் பதுக்குகிறது. ஆனால் உடனே பெருகுவதையும் நிறுத்திவிடுகிறது! ஒவ்வொரு பாசியிலும் எண்ணெய் கூடிற்று. குளத்தின் மொத்த விளைச்சலோ கூடவில்லை.

வயிற்றிலடித்தால் உற்பத்தி பெருகும் என்று எண்ணும் முதலாளிமார்கள், இந்தப் பாசியிடம் பாடம் கேட்கட்டும்!

பிறகு வந்தது எக்சான்மோபில் எண்ணெய்க் கம்பெனி. 60 கோடி டாலர் வரை செலவிடுவோம் என்று 2009இல் முழங்கியது. 2017இல் வெற்றியும் கண்டனர்: வளர்ச்சி பெரிதும் குன்றாமலே ஒரு பாசியின் கொழுப்பு 20 விழுக்காட்டிலிருந்து 40 ஆனது. அரிய அறிவு! ஆனால் அது ஆய்வுக்கூடத்து வெற்றி. குளத்துக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், அறுவடைக்கு மின்சாரம் வேண்டும். 2023இல் கம்பெனி கைகழுவிவிட்டது.

பாசியைப் பழிக்கிறோமா? இல்லை. ஆராய்ச்சி நடக்கட்டும், வளரட்டும். நாம் சுட்டுவது வேறொன்றை. அந்த 3,600 கோடியில் 2,100 கோடி காலன், சோளமல்லாத புதுவகைகளிலிருந்து வரும் என்றது சட்டம். அது வரவே இல்லை, நெடுந்தொலைவு பின்தங்கிற்று. சோளத்துக்கு விட்ட 1,500 கோடி மட்டும் ஏறத்தாழ நிறைவேறிற்று! அந்நாட்டு மக்காச்சோளத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இன்று எரிசாராய ஆலைக்குப் போகிறது. சக்கை மாட்டுத் தீவனமாகத் திரும்புகிறது, உண்மைதான். ஆனால் உழுத புல்வெளி திரும்புமா?

நாளை வரும் விந்தையைக் காட்டி இன்றைய நிலத்தைக் கேட்பவன் எந்நாட்டிலும் உண்டு. அவனிடம் கேளுங்கள், தோழர்களே: விந்தை வராவிட்டால் வயலைத் திருப்பித் தருவாயா? யாருக்காக விளைய வேண்டும் இந்த மண்?

அந்தக் கேள்விக்கு விடை ஆய்வுக்கூடத்துக் குடுவையில் இல்லை. உழுபவனும் உண்பவனும் சேர்ந்து சொல்ல வேண்டிய விடை அது!