காந்தம் வைத்த தோலுறை

அன்னூர் வட்டாரத்துத் தோட்டங்களில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், சாலோடு பிணைக்கும் தோல் வாலைத் தைத்துக் கொடுக்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். மின்சார மோட்டார் வந்தது. அந்த வேலை போயிற்று. இன்று கையால் தோல் தைப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் புது வேலைகளில் ஒன்று, கைபேசிக்கு உறை தைப்பது. பித்தான் வேண்டாம், வார் வேண்டாம். மூடியை விட்டதும் 'டப்'பென்று தானே மூடிக்கொள்ள வேண்டும்! இரண்டு தோல்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் காந்த வில்லைதான் இதன் சூட்சுமம்.

அது பள்ளிக்கூடத்து லாட காந்தம் அல்ல. நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த இக்காந்தத்தை 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கினர். சட்டைப் பித்தானளவு வில்லையே போதும். 2011-இல் ஆப்பிள் கம்பெனி ஐபாட் 2-க்கு விற்ற காந்த உறையை மூடினால் திரை உறங்கும், திறந்தால் விழித்துக்கொள்ளும்.

நம் நாட்டுத் தோலுக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் துவர்ச்சத்து இருக்கிறது. ஈர இரும்பு பட்டால் அது கறுத்துவிடும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்கு இது புதிய செய்தி அல்லவே! காந்த வில்லையிலும் பெரும்பங்கு இரும்புதான். மேலே பூசிய நிக்கல் உரிந்து வேர்வை இறங்கினால், அழகான உறையின் முகத்தில் கரு வட்டம் விழும். வில்லை எளிதில் நொறுங்கவும் கூடியது. தைத்த பின் அதன்மேல் சுத்தி படக்கூடாது. ஒட்டும்போதே நாற்புறமும் பசையால் அடக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

அதே உறையில் வங்கி அட்டையைச் செருகுவோரும் உண்டு. அட்டையின் கறுப்புப் பட்டையில் உள்ள பதிவைக் காந்தம் அழித்துவிடலாம். கைபேசியின் திசைகாட்டியும் தடுமாறும்.

இவையெல்லாம் பண நஷ்டம், சிரமம். கைபேசியைச் சட்டைப் பையில், நெஞ்சோடு வைத்துக்கொள்ளும் நம்மவர் வழக்கத்தில்தான் உண்மையான அபாயம். இருதயம் தடுமாறும்போது மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் கருவி பொருத்திய ஒருவரின் மார்பருகே, அமெரிக்க வைத்தியர்கள் காந்தம் உள்ள ஐபோன் 12-ஐக் கொண்டுபோனார்கள். கருவியின் காவல் வேலை நின்றுவிட்டது! 2021-இல் இதை வெளியிட்டார்கள். இத்தகைய காந்தப் பொருள்களை இருதயக் கருவியிலிருந்து அரை அடியாவது தள்ளி வைக்கும்படி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவும் எச்சரித்தது.

உறை தைப்பவர் முதலில் வாடிக்கையாளரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. நெஞ்சில் கருவி உள்ளவருக்குக் காந்தமே வேண்டாம். பழைய மாதிரி நாக்கு வைத்துச் செருகும் மூடி போதும். அதற்கு ஒரு துண்டுத் தோல்தான் கூடுதல் செலவு.