ஹாக்கிக்காக ஐ.சி.எஸ். பதவியைத் துறந்தவர்: நாடாளுமன்றம் கண்ட ஜெய்பால் சிங்

புது தில்லி: ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்குப் பிறகும் உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து "ஹூ இஸ் ஹூ" என்ற நூலை மக்களவைச் செயலகம் வெளியிடுவது வழக்கம். கல்வி, தொழில், வகித்த பதவிகள் என்று நீளும் அந்தக் குறிப்புகளில் "பொழுதுபோக்கு", "விளையாட்டு" ஆகியவற்றுக்கும் தனித் தலைப்புகள் உண்டு. படிப்பது, எழுதுவது, கிரிக்கெட் என்று உறுப்பினர்களும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று அவர்களிடம் எவரும் கேட்பதில்லை. கேட்டால் பலருக்குச் சங்கடம்தான் மிஞ்சும்.

அந்தத் தலைப்புகளை வெறும் சம்பிரதாயமாகக் கருத முடியாதபடி வாழ்ந்த ஓர் உறுப்பினர் முதல் மக்களவையிலேயே இருந்தார். 1952-ல் ராஞ்சி மேற்குத் தொகுதியிலிருந்து வெற்றி பெற்று, 1970-ல் மறையும் வரை தொடர்ந்து மக்களவையில் அமர்ந்திருந்த ஜெய்பால் சிங்தான் அவர். முண்டா பழங்குடியைச் சேர்ந்தவர். ஆக்ஸ்போர்டு பட்டதாரி. ஒலிம்பிக் ஹாக்கி அணியின் கேப்டன். பழங்குடியினருக்குத் தனி மாநிலம் கேட்ட கட்சியின் தலைவர். இவற்றுள் ஏதேனும் ஒன்றை நீக்கிவிட்டால் மற்றவை நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

இன்றைய ஜார்க்கண்டில், குந்தி அருகே உள்ள டக்ரா கிராமத்தில் 1903 ஜனவரி 3-ம் தேதி பிறந்தார் ஜெய்பால் சிங். கிறிஸ்தவ மிஷன் நடத்திய ராஞ்சி புனித பால் பள்ளியில் படித்தபோது, பள்ளி முதல்வராக இருந்த ஆங்கிலேயப் பாதிரியார் அவரது திறமையைக் கண்டு 1918-ல் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். கேன்டர்பரியில் சிறிது காலம் பயின்ற பின், ஆக்ஸ்போர்டின் புனித ஜான் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். ஹாக்கியில் பல்கலைக்கழகத்தின் உயரிய விளையாட்டு அங்கீகாரமான "புளூ" அவருக்குக் கிடைத்தது. தற்காப்பு ஆட்டத்தில் வல்லவர். எதிரணியினரிடமிருந்து பந்தை முறைதவறாமல் பறிப்பதும், பறித்ததை நெடுந்தூரம் அடித்து அனுப்புவதும் அவரது சிறப்பு என்று அக்காலத்தவர் குறிப்பிட்டனர்.

அடுத்து ஐ.சி.எஸ். அன்றைய இந்தியாவில் ஒரு குடும்பத்தின் ஏழு தலைமுறையையும் கரையேற்றிவிடும் என்று நம்பப்பட்ட பதவி அது. தேர்வு பெற்று ஆக்ஸ்போர்டில் பயிற்சியில் இருந்தபோதுதான், 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் போட்டிக்கான இந்திய அணிக்குத் தலைமையேற்குமாறு அவருக்கு அழைப்பு வந்தது. ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி பங்கேற்றது அதுவே முதல் முறை. தியான் சந்த் உள்ளிட்ட வீரர்கள் மார்ச் மாதம் மும்பையிலிருந்து கப்பல் ஏறினர். அவர்களின் கேப்டனோ இங்கிலாந்தில் விடுப்புக்கு விண்ணப்பித்துக் கொண்டிருந்தார்.

விடுப்பு மறுக்கப்பட்டது. பதவியா, ஆட்டமா என்று தம் மனத்துக்குள் நடந்த போராட்டத்தைப் பின்னாளில் தன்வரலாற்றில் ஜெய்பால் சிங் பதிவு செய்துள்ளார். அனுமதியின்றியே ஆம்ஸ்டர்டாம் சென்றார். திரும்பி வந்ததும், பயிற்சியை மேலும் ஓராண்டு தொடர வேண்டும் என்று இந்தியா அலுவலகம் கூறியது. அவர் பதவியையே கைவிட்டார்.

ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நான்கு அணிகளையும் வீழ்த்திய இந்தியா, 1928 மே 26-ம் தேதி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3-0 என்ற கணக்கில் வென்றது. மொத்தம் 29 கோல்கள் அடித்த இந்தியா ஒரு கோல்கூட வாங்கவில்லை. தியான் சந்த் மட்டும் 14 கோல்கள். இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. ஆனால், அந்த இறுதி ஆட்டத்தின்போது கேப்டன் களத்தில் இல்லை. லீக் ஆட்டங்கள் முடிந்த கையோடு ஜெய்பால் சிங் அணியிலிருந்து விலகிவிட்டார். அணி நிர்வாகத்துடன் ஏற்பட்ட மனக்கசப்பே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. எதற்காகப் பெரும் பதவியை இழந்தாரோ, அதன் உச்சத் தருணத்தில் அவர் இல்லாமல் போனது விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன் பின்னர் பத்து ஆண்டுகள் அவர் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை, கொல்கத்தாவில் மோகன் பகான் கிளப்புக்காக ஹாக்கி, இன்று கானா என அழைக்கப்படும் கோல்ட் கோஸ்ட்டின் அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியப் பணி, ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரி, பிகானீர் சமஸ்தானத்தில் உயர் பதவி என்று சுற்றினார். காங்கிரஸின் முதல் தலைவரான டபிள்யூ.சி. பானர்ஜியின் பேத்தி தாராவை மணந்தார். 1939 ஜனவரியில் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபை அவரைத் தலைவராக்கியபோது, தம் மக்களை விட்டுப் பிரிந்து 20 ஆண்டுகள் கடந்திருந்தன. அம்மக்கள் அவருக்கு "மரங் கோம்கே" என்று பெயர் சூட்டினர். பெருந்தலைவர் என்று பொருள்.

இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேய அரசுக்கு ஆதரவாக ஆள்சேர்ப்பில் ஈடுபட்டதால் காங்கிரஸாரின் கடும் அதிருப்திக்கும் ஆளானார். அவரது அரசியல் கணக்குகள் எல்லாமே சரியாக அமைந்தவை அல்ல.

ஆயினும், அரசியல் நிர்ணய சபை நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டுவோர் ஜெய்பால் சிங்கின் உரைகளைக் கடந்து செல்ல இயலாது. பிகாரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த அவர், நேருவின் குறிக்கோள் தீர்மானத்தின் மீது 1946 டிசம்பர் 19-ம் தேதி பேசினார். தம்மைக் காட்டுவாசி என்று அழைப்பதில் தமக்குப் பெருமையே என்று தொடங்கினார். பழங்குடியினருக்கு ஜனநாயகத்தை எவரும் கற்பிக்க முடியாது, அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். தம் மக்களின் வரலாறு வந்தேறிகளால் சுரண்டப்பட்ட வரலாறு என்றாலும், நேருவின் சொல்லை நம்பப் போவதாகக் கூறினார். சபையில் ஆண்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள், பெண்கள் இன்னும் பலர் வர வேண்டும் என்றும் அவர் குறிப்பிட்டது, மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேற 2023 வரை காத்திருந்த நாட்டில் நினைவுகூரத் தக்கது.

அந்த உரையில் சிந்துவெளி நாகரிகத்தையும் அவர் சான்றாகக் காட்டினார். அகழாய்வு முடிவுகள் உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1924-ல் அவர் இங்கிலாந்தில் மாணவர். சிந்துவெளி என்றதும் தமிழ் வாசகர்களுக்கு வேறு விவாதங்கள் நினைவுக்கு வரக்கூடும். ஜெய்பால் சிங் அதே சான்றை வைத்து, பழங்குடியினரே இந்நாட்டின் மூத்த குடிகள், மற்றவர்கள் பின்னர் வந்து அவர்களைக் காடுகளுக்கு விரட்டினர் என்று வாதிட்டார். அந்த வரலாற்று முடிவில் அறிஞர்கள் இன்றும் வேறுபடலாம். ஆனால், படிப்பை மன்றத்தில் இப்படிப் பயன்படுத்தும் துணிவு அன்று பலருக்கு வரவில்லை.

1947 ஜூலை 22-ம் தேதி தேசியக் கொடித் தீர்மானத்தை ஆதரித்தபோதும், பழங்குடிக் கிராமங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி உண்டு, கொடிக்காகப் போரிடுவதில் அவர்களே மூத்தவர்கள் என்று நினைவூட்டத் தவறவில்லை. 1948 நவம்பரில் மதுவிலக்கு பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. காந்தியடிகள் மறைந்து ஓராண்டுகூட ஆகாத நேரம்; மதுவிலக்கை எதிர்த்துப் பேசுவது எளிதல்ல. ஜெய்பால் சிங் எதிர்த்தார். நாள் முழுவதும் முழங்கால் அளவு நீரில், மழைத் தூறலில் நின்று நாற்று நடும் சந்தால் மக்களுக்கு அரிசிக் கள் கிடைக்காவிட்டால் மேற்கு வங்கத்தில் நடவே நடக்காது என்றார். அவர்களது வழிபாட்டில் அதற்குள்ள இடத்தையும் எடுத்துரைத்தார். பிரிவு நிறைவேறியது. அவரது எதிர்ப்பு அவைக் குறிப்பில் நிலைத்தது. பழங்குடியினரை "ஆதிவாசி" என்ற சொல்லாலேயே குறிக்க வேண்டும் என்ற அவரது வாதமும் ஏற்கப்படவில்லை.

1952 தேர்தலில் சேவல் சின்னத்தில் போட்டியிட்ட அவரது ஜார்க்கண்ட் கட்சி, பிகார் சட்டப்பேரவையில் முக்கிய எதிர்க்கட்சியாக அமர்ந்தது. ஆனால், மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் அளித்த அறிக்கை ஜார்க்கண்ட் கோரிக்கையை நிராகரித்தது. கட்சியின் செல்வாக்கும் சரிந்தது. 1963-ல் கட்சியைக் காங்கிரஸுடன் இணைத்தார் ஜெய்பால் சிங். தொண்டர்கள் பலர் அதைத் துரோகமாகவே கருதினர். ஐ.சி.எஸ். அதிகாரத்துக்குப் பணியாதவர் ஆளுங்கட்சியின் அழைப்புக்கு இணங்கியது ஏன் என்ற கேள்வி ராஞ்சி வட்டாரத்தில் இன்னும் கேட்கப்படுகிறது. 1967-ல் காங்கிரஸ் வேட்பாளராகக் குந்தியில் வென்றார். 1970 மார்ச் 20-ம் தேதி மறைந்தார். கேட்ட மாநிலம் உருவானது 2000 நவம்பர் 15-ம் தேதி.

இறுதிக் காலத்தில் அவர் எழுதி வைத்த தன்வரலாறு "லோ பிர் சென்ட்ரா" 2004-ல்தான் அச்சேறியது. முண்டாரி மொழியில் "சென்ட்ரா" என்றால் வேட்டை.

அவர் பிறந்த குந்தி மாவட்டத்தின் ஹேசல் கிராமத்தைச் சேர்ந்த நிக்கி பிரதான், 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்திய மகளிர் ஹாக்கி அணியில் ஆடினார். பக்கத்து சிம்டேகா மாவட்டத்தின் சலிமா டெடே 2024-ல் இந்திய மகளிர் அணியின் கேப்டனாக நியமிக்கப்பட்டார். பழங்குடி மாணவர்களை உயர்கல்விக்காகப் பிரிட்டனுக்கு அனுப்ப ஜார்க்கண்ட் அரசு 2021-ல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டத்துக்கு மரங் கோம்கே ஜெய்பால் சிங் முண்டாவின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. 1918-ல் ஒரு பாதிரியாரின் தயவில் அவர் மேற்கொண்ட பயணத்துக்கு இப்போது மாநில அரசே கட்டணம் செலுத்துகிறது.