எல்லரி குயீன் என்றொரு கூட்டம்

மேடையில் இரண்டு துப்பறியும் எழுத்தாளர்கள். இருவர் முகத்திலும் முகமூடி! ஒருவர் எல்லரி குயீன், இன்னொருவர் பார்னபி ராஸ். ஒருவரையொருவர் வெளுத்து வாங்குகிறார்கள். 1930களின் அமெரிக்க ரசிகர்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். திரைக்குப் பின்னால் போய் முகமூடியைக் கழற்றினால்... அட, இரண்டு பேரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்! குயீனும் இவர்களே, ராஸும் இவர்களே!

ஃபிரெடெரிக் டானே, மேன்ஃபிரெட் லீ. இருவரும் 1905இல் புரூக்ளினில் பிறந்தவர்கள், விளம்பரம் எழுதிப் பிழைத்தவர்கள். 1928இல் ஒரு பத்திரிகை நாவல் போட்டி வைத்தது. பரிசு 7,500 டாலர். புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். விளம்பர மூளை சும்மா இருக்குமா? எழுதியவர் பெயர் வாசகருக்கு மறந்துபோகும், துப்பறிபவன் பெயர் மறக்காது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டால் போச்சு!

பரிசு உங்களுக்குத்தான் என்று சேதியும் வந்தது. காசோலை வருவதற்குள் பத்திரிகை கைமாறியது. புதிய முதலாளி பரிசைத் தூக்கி இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற பெண்மணிக்குக் கொடுத்துவிட்டார். யார் அவர்? பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைத் தேர்வைத் தன் தாயோடு சேர்ந்து உருவாக்கியவரேதான்! ஆனாலும் குயீனின் 'தி ரோமன் ஹேட் மிஸ்டரி' 1929இல் அச்சேறிவிட்டது.

எழுதும் கூத்து இன்னும் சுவாரசியம். கதைமுடிச்சு முழுவதும் டானேயின் வேலை. அதற்குச் சதையும் ரத்தமும் கொடுப்பது லீ. நடுவில் கடிதத்திலேயே குடுமிப்பிடி சண்டை! யார் எதைச் செய்கிறார் என்ற தொழில் ரகசியத்தை மட்டும் இருவரும் நெடுங்காலம் வெளியே விடவில்லை.

பொறுங்கள், டானே, லீ என்பவையும் பிறந்தபோது வைத்த பெயர்கள் இல்லை! டானியல் நேதன், இமானுவேல் லெபோஃப்ஸ்கி. ஒரு திரையை விலக்கினால் உள்ளே இன்னொரு திரை!

1960களில் லீயின் பேனா முரண்டு பிடித்தது. டானேயின் கதைச்சுருக்கம் அறிவியல் புனைகதைக்காரர் தியடோர் ஸ்டர்ஜன் கைக்குப் போனது. 1963இல் 'தி பிளேயர் ஆன் தி அதர் சைடு' வந்தது. அடுத்து அவ்ரம் டேவிட்சன். மலிவுப் பதிப்பு நாவல்களுக்கு ஜாக் வான்ஸ் உள்ளிட்ட வேறு பலர். அட்டையில் மட்டும் அதே எல்லரி குயீன்!

குயீனின் ஆரம்ப நாவல்களில் கதை திடீரென நிற்கும்: துப்பெல்லாம் கொடுத்தாயிற்று, கொலைகாரனை நீங்களே கண்டுபிடியுங்கள் என்று வாசகருக்குச் சவால் வரும். எழுதியவனைக் கண்டுபிடியுங்கள் என்று மட்டும் கேட்கவே இல்லையே, கில்லாடிகள்!