17-ஆம் பிரிவும் பங்குக் காணிக்கையும்

பிப்ரவரி 8 நெருங்குகிறது. ஆள்கடத்தலுக்கு எதிரான செப நாளாகக் கத்தோலிக்கத் திருஅவை 2015 முதல் கடைப்பிடிக்கும் நாள் அது. பல பங்குகளில் மீட்பு இல்லங்களுக்கான காணிக்கை உறைகள் கொடுத்தாயிற்று. கூடவே எங்களுக்குக் கடிதங்களும் வந்துள்ளன. பெரும்பாலான கடிதங்களில் ஒரே குழப்பம்: போலீஸ் ரெய்டில் மீட்கப்பட்டு, சிஸ்டர்கள் நடத்தும் இல்லத்துக்கு அனுப்பப்பட்ட பெண், 18 வயது கடந்தவர், “நான் போகிறேன்” என்றால் ஏன் போக முடிவதில்லை?

காரணம், விபசாரத் தடுப்புச் சட்டம் என்று போலீஸார் சொல்லும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. மீட்கப்பட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். விசாரணை முடியும்வரை மூன்று வாரத்துக்கு மிகாமல் காவலில் வைக்கலாம். இதற்கிடையே நன்னடத்தை அலுவலர் விசாரித்து அறிக்கை தருவார். வயது என்ன, நடத்தை எப்படி, முன் வரலாறு என்ன, பெற்றோரோ கணவரோ பொறுப்பேற்கத் தகுந்தவர்களா, வீட்டுச் சூழல் எப்படி, மறுவாழ்வுக்கு வாய்ப்பு உண்டா என்றெல்லாம் விசாரிக்கச் சட்டமே பட்டியல் தருகிறது. “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவை என்று மாஜிஸ்திரேட் கருதினால், ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டுக்கு மிகாமல் பாதுகாப்பு இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம். எந்தக் குற்றமும் சாட்டப்படாத பெண்ணுக்கு இது. குற்றம் சாட்டப்பட்ட புரோக்கராவது ஜாமீன் கேட்கலாம்.

இல்லத்துக்குப் பதில் வேறு யாரிடமாவது ஒப்படைப்பதானால், அவர்கள் அந்தப் பெண்ணின் மதத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. மதத்தைக் கேட்கத் தோன்றிய சட்டத்துக்கு விருப்பத்தைக் கேட்கத் தோன்றவில்லை. இதைத்தான் அரசு ஆவணங்கள் பாதுகாப்பு என்கின்றன, மறுவாழ்வு என்கின்றன. வாசலைத் தாண்ட அனுமதி இல்லாத இடத்தில் தையல் கற்றுக்கொடுத்தால் அது மறுவாழ்வு ஆகிவிடாது.

நீதிமன்றங்களுக்கும் இது உறுத்தியிருக்கிறது. இப்படி அடைக்கப்பட்ட மூன்று பெண்களை 2020 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் விடுவித்தது. இந்த இல்லங்களைக் கணக்கெடுத்து, விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களைக் குறித்த காலத்துக்குள் விடுவிக்க நடவடிக்கை எடுக்குமாறு 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது. ஆனால் 17-ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கிறது.

பிப்ரவரி 8 யாருடைய திருநாளோ, அந்தப் பெண்ணுக்கு நடந்ததைப் பாருங்கள். ஜோஸ்பின் பகித்தா சூடானில் சிறுமியாக இருந்தபோது கடத்தப்பட்டு, கைமாறிக் கைமாறி விற்கப்பட்டவர். இத்தாலியில் ஒரு குடும்பம் அவரைத் தங்கள் மகளோடு வெனிஸில் கனோசியன் சிஸ்டர்களிடம் விட்டுச் சென்றது. பிறகு திரும்ப அழைத்துப்போக எஜமானி வந்தபோது, வரமாட்டேன் என்றார் பகித்தா. சிஸ்டர்கள் அவர் பக்கம் நின்றார்கள். வெனிஸ் கர்தினால் வரை போனார்கள். விவகாரம் சட்டத்தின் முன் வந்தது. 1889 நவம்பர் 29 அன்று, அவர் சட்டப்படி ஒருபோதும் அடிமையாக இருந்ததே இல்லை, எங்கே இருப்பது என்பது அவர் முடிவு என்று தீர்ப்பாயிற்று. அவர் மடத்திலேயே தங்கினார். அந்தச் சிஸ்டர்கள் கொடுத்தது கூரை மட்டுமல்ல. அவருடைய சொல்லுக்குப் பின்னால் தங்கள் செல்வாக்கையும் வைத்தார்கள். இன்றைய கிறிஸ்தவ இல்லங்கள் 17-ஆம் பிரிவின் சாவியை வாங்கிக்கொள்வதைவிட, அந்தப் பெண்ணுக்கு ஒரு வக்கீலை அமர்த்தித் தந்தால் பகித்தாவுக்கு நெருக்கமாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

காணிக்கை போடலாமா? போடுங்கள், 18 வயது கடந்தவர் கிளம்புகிறேன் என்றால் அந்த இல்லம் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பங்கே இல்லம் தொடங்கலாமா? மாநில அரசின் உரிமம் இல்லாமல் கூடாது.

சிறுமி என்றால்? வழி வேறு: குழந்தைகள் நலக் குழு, போக்சோ சட்டம்.

முதலில் சம்மதித்துத்தான் போனாள் என்றால் கடத்தல் இல்லையா? கடத்தல்தான், பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவில் சம்மதம் கணக்கில் வராது.

17-ஆம் பிரிவு உத்தரவை எதிர்க்க முடியுமா? செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இழப்பீடு? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அவசரத்துக்கு? 112, குழந்தைகளுக்கு 1098.