420: ஓர் எண் சொல்லான வரலாறு

சட்டப்பிரிவின் எண் வசைச்சொல்லாக மாறியமைக்கு 420 தக்க சான்றாகும். 1860இல் இயற்றப்பெற்று 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு, ஒருவரை ஏமாற்றி அவர்தம் உடைமையைக் கைக்கொள்வதற்குத் தண்டனை விதித்தது. அப்பிரிவின் எண் முதற்கண் குற்றத்தையும், பின்னர் ஆகுபெயராய்க் குற்றம் புரிபவனையும் குறிக்கலாயிற்று. இந்தியில் 'சார் சௌ பீஸ்' ஏமாற்றுக்காரன். ஈகார விகுதி பெற்ற 'சார் சௌ பீஸீ' ஏமாற்று வேலை. 1955இல் வெளிவந்த 'ஸ்ரீ 420' என்னும் திரைப்படம் இவ்வழக்கைத் தலைப்பிலேயே தாங்கியது.

புணேயில் மராத்தி பேசுவோர் இவ்வெண்ணைச் 'சார்ஷே வீஸ்' என எண்ணுவர். ஏமாற்றுக்காரனையோ இந்தி வடிவிலேயே 'சார்சோபீஸ்' என்பர். தமிழில் 'நானூற்று இருபது' என்பதினும் 'ஃபோர் ட்வென்டி' என்பதே பெருவழக்கு. எண்ணுப்பெயராயின் அந்தந்த மொழியின் வடிவைப் பெற்றிருக்கும். இஃது ஒலிவடிவோடு கடன்பெற்ற பெயர்ச்சொல்லாதலின் அவ்வாறு பெறவில்லை.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின் இக்குற்றம் 318(4)ஆம் பிரிவில் அடங்குகிறது. சட்டம் மாறினும் சொல் மாறவில்லை. 'அவன் ஒரு 318' என்றால் வசை தோன்றாது.

அமெரிக்க வழக்கில் 420 கஞ்சாவைக் குறிக்கும். 1971இல் கலிபோர்னியப் பள்ளி மாணவர் சிலர் மாலை 4.20 மணிக்குக் கூடியதிலிருந்து அது தோன்றியது. இந்தியச் சட்டத்தோடு தொடர்பற்றது. இரண்டையும் எண்ணாகவே பெயர்த்தெழுதினால், கஞ்சா புகைப்பவன் தமிழில் மோசடிக்காரனாகிவிடுவான். ஆகவே மொழிபெயர்ப்பாளர் பெயர்க்க வேண்டியது எண்ணையன்று, அது அவ்விடத்துக் குறிக்கும் பொருளையே.