அமினியில் அலை, ஒகேனக்கல்லில் வெள்ளம்

ஜூலையில் ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை என்பது தருமபுரிக்காரர்களுக்குப் பழகிப்போன செய்தி. விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி, ஐந்தருவி மூழ்கியது, குளிக்கத் தடை. அதே வாரம் பாலக்கோடு, அரூர் பக்கம் போனால் பல வருஷங்களில் தூறல்கூட இருக்காது. மானாவாரிக் காட்டில் புழுதிதான் பறக்கும். ஆற்றில் வெள்ளமும் மேட்டில் வறட்சியும் ஒரே நேரத்தில் எப்படி? விடை மாவட்ட எல்லைக்குள் இல்லை. மேற்கே ஏறக்குறைய 600 கி.மீ. தள்ளி, அரபிக்கடலில் இருக்கும் லட்சத்தீவிலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

லட்சத்தீவு என்று பெயர் பெரிதே தவிர, இருப்பவை 36 தீவுகள். மக்கள் வசிப்பது பத்தில். மொத்த நிலத்தையும் கூட்டினால் 32 சதுர கி.மீ. தேறும், தருமபுரி மாவட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட வராது. எல்லாமே பவளப்பாறை மேல் உருவான தட்டையான மணல் தீவுகள். காற்றைத் தடுக்க ஒரு குன்று கிடையாது. அதனாலேயே வானிலைக்காரர்களுக்கு இவை முக்கியம். கேரளாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டதா என்று பார்க்க இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்கில் எடுக்கும் 14 நிலையங்களில் மினிக்காயும் அமினியும் உண்டு. மே 10-க்குப் பிறகு அந்த நிலையங்களில் 60 சதவீதமாவது தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் மழை காட்ட வேண்டும். மழை மட்டும் போதாது; மேற்குக் காற்றின் வேகமும் அது எவ்வளவு உயரம்வரை வீசுகிறது என்பதும் பொருந்தி வர வேண்டும்.

அந்தக் காற்று புறப்படும் இடம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள மஸ்கரீன் உயர் அழுத்தப் பகுதி. அங்கிருந்து வடமேற்கே ஓடி, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, சோமாலியா ஓரமாக வேகமெடுத்து இந்தியா நோக்கி வருகிறது. தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் ஒரு குறுகிய பாதையில் இது பாய்வதை 1969-இல் விரிவாக எழுதியவர் பிரிட்டிஷ் வானிலை அறிஞர் ஃபின்ட்லேட்டர்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லட்சத்தீவுக் கடலில் அலை மூன்று மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். மினிக்காயில் தூண்டில் கழியால் சூரை பிடிப்பவர்கள் படகைக் கரையேற்றிவிடுவார்கள். பெரும்பாலான தீவுகளில் குடியிருப்பு பவள வளையத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. மேற்கே ஆழமில்லாத காயல். ஆழ்கடலிலிருந்து வரும் அலை வெளிப்பாறையை நெருங்கும்போது அடிப்பகுதி தடைபட்டு வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது, முன்பக்கம் செங்குத்தாகி அங்கேயே உடைந்து விழுகிறது. காயலைத் தாண்டி ஊருக்குள் வந்து சேர்வது மிச்சசொச்சம்தான். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது தீவுக்காரர்கள் கலங்கியதற்கு மீன்வளம் மட்டும் காரணமல்ல. அந்தப் பாறைதான் அவர்களுக்கு மதில்.

(ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாமல் வரும் ‘கள்ளக்கடல்’ வேறு கதை. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிப் புயல்களில் பிறந்த நெடிய அலை அது. 18 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நகர்ந்து, நாலைந்து நாளில் நம் கரையைத் தொடும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது.)

தீவுகளைக் கடந்த காற்று ஒரு நாளுக்குள் மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. மேலேறும் காற்று குளிர, ஈரம் மழையாகக் கொட்டுகிறது. மடிக்கேரியில் ஆண்டு மழை 3,000 மி.மீ.க்கு மேல். வயநாட்டில் பெய்வது கபினிக்கும், குடகில் பெய்வது கிருஷ்ணராஜசாகருக்கும் போகிறது. அணைகள் நிரம்பிவிட்டால் திறந்த நீர் இரண்டு மூன்று நாளில் பிலிகுண்டுலுவைத் தாண்டி ஒகேனக்கல்லில் செந்நிறமாக இறங்கும்.

காற்றோ மலையின் மறுபக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 டிகிரி வரை சூடாகும்; சூடான காற்றில் மேகம் கரைந்துபோகும். மைசூர் பீடபூமியைக் கடந்து தருமபுரிக்கு அது வரும்போது வேகம் இருக்கிறது, சரக்கு இல்லை. பந்தலைச் சாய்க்கவும் நிலத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தை உறிஞ்சவும் மட்டும் ஆடிக்காற்றுக்குத் தெம்பு உண்டு.

தருமபுரியின் மழை இந்தக் காற்று சோரும்போதுதான் வருகிறது. பருவக்காற்று இடைவெளி விட்டு வட இந்தியச் சமவெளியில் மழை ஓய்ந்தால், தமிழக உள்மாவட்டங்களில் இடிமழை தொடங்கும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அப்படியொரு நாளைக் கவனித்திருப்பீர்கள். காலையில் இலை அசையாது. பதினோரு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டும். மூன்று மணி வாக்கில் வத்தல்மலைப் பக்கம் காலிஃபிளவர் மாதிரி மேகம் திரண்டு நிமிர்ந்து, உச்சி பட்டையாக விரியும். பிறகு புழுதியோடு ஒரு குளிர்ந்த வீச்சு, அரை மணி நேரம் சடசடவென்று மழை. ஒரு ஊரில் வாய்க்கால் ஓடும், அடுத்த ஊரில் சாலைகூட நனையாது. சாமைக்கும் ராகிக்கும் இந்த மழையை நம்பித்தான் பிழைப்பு. காவிரி பெருக வேண்டும் என்று டெல்டா வேண்டிக்கொள்ளும் பலமான காற்று, பென்னாகரத்து மானாவாரி விவசாயிக்கு வேண்டாத காற்று. பருவமழை ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒற்றை வரியில் மாநிலத்துக்கே சொல்லும் அறிக்கைகளோடு எனக்கு உள்ள சண்டை இதுதான்.

வடகிழக்குப் பருவத்தில் பாதை திரும்பிவிடும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை தொட்ட ஃபெஞ்சல் புயல் நகர மனமின்றி நின்று, வலுவிழந்து மேற்கே வந்தது. அரூரில் ஒரே நாளில் 33 செ.மீ. மழை, பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. தருமபுரியில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே 85 செ.மீ.யை ஒட்டித்தான். தென்பெண்ணை கரை மீறியது. அதன் எச்சம் டிசம்பர் 3 அன்று கர்நாடகம் தாண்டி அரபிக்கடலில் இறங்கியது.

அந்தக் கடலும் பழைய கடல் இல்லை. 2001 முதல் 2019 வரையில் அரபிக்கடல் புயல்களின் எண்ணிக்கை 52 சதவீதம் கூடியிருப்பதாக, புனேவின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தினர் 2021-இல் கணக்கிட்டார்கள். 2017 டிசம்பரில் ஒக்கி லட்சத்தீவைத் தாக்கியது. 2021 மே மாதம் டவ்தே அந்தத் தீவுகளுக்கு அருகிலேயே உருவானது. மே மாதத்தில் இப்படி ஒரு புயல் ஈரத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டால், பருவக்காற்று ஒழுங்காக அமையும் நாள் தள்ளிப்போகலாம். கோடை மழையில் உழுது போட்டுவிட்டு விதைக்கக் காத்திருப்பவர்கள் ஜூன் முதல் வாரத்தில் கேரளத்துச் செய்தியோடு அமினியின் காற்று வேகத்தையும் பார்ப்பது நல்லது. அது கூடிக்கொண்டே போனால் ஆற்றுக்கு நீர் வரும். காட்டு மழைக்கு இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டியிருக்கும்.